பறையை எங்கே நிறுத்துகிறீர்கள்?

‘எக்கோ கொஞ்சம் ஏத்தி விடுங்க தோழர்.’ பாட்டுப் பதிவு செய்ய வருகிற நம்ம ஆட்கள் மைக்கைப் பார்த்ததும் வைக்கிற முதல் கோரிக்கை இதுதான். ஏத்திவிட்டால் சந்தோசம். ஏத்தாவிட்டால் ‘என்ன தோழர், வெறும் தொண்டையாக் கேக்குது, எடுப்பா இல்லையே’ என்று முகம் சுண்டிப்போகிறது. இப்படி ஏத்தி ஏத்தித்தான் அன்றைய ஒலிநாடாவிலிருந்து இன்றைய பென்டிரைவ் வரைக்கும் நம் இயக்கப் பாட்டுகளில் பாதிக்கு மேல், கிணத்துக்குள்ள விழுந்தவன் கத்துற மாதிரி வந்து சேர்ந்திருக்கின்றன. இதற்கு எதிராக எழுத வேண்டியிருக்கிறது. ஒலிப்பதிவுக்காரனின் தொழில் சமாச்சாரம் என்று நினைத்து மாணவத் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது தூரம் சம்பந்தப்பட்ட விசயம். யார் பக்கத்தில் நிற்பது, யார் தள்ளி நிற்பது என்கிற விசயம். அதில் நமக்கு அனுபவம் ஜாஸ்தி.

மைக்செட் பாசையில் ‘எக்கோ’ என்பதைப் பதிவறையில் ரிவெர்ப் என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மலையடிவாரத்தில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பேரே தனியாகத் திரும்பி வருகிறதே, அது எக்கோ. ரிவெர்ப் அப்படித் தனியாக வராது. சுவர், கூரை, தரை, தூண் எல்லாவற்றிலும் பட்டுத் தெறிக்கிற சத்தம் பிரித்து எண்ண முடியாதபடி ஒன்றுமேல் ஒன்றாக விழுந்து இழுத்துக்கொண்டே போய் அடங்குவதுதான் ரிவெர்ப். சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர், ஓர் அடியும் கொஞ்சமும். காது இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பேசுகிறவன் பக்கத்தில் இருந்தால் அவன் வாயிலிருந்து நேராக வரும் சத்தம் முதலில் வந்துவிடும். சுவரில் பட்டது பிறகு, மெதுவாக வரும். அவன் தூரத்தில் இருந்தால் நேர்ச் சத்தமும் சுவர்ச் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேரும். நேர்ச் சத்தம் இளைத்துப்போய், சுவர்ச் சத்தம் தூக்கலாக இருக்கும். ‘ச’, ‘ட’ மாதிரியான எழுத்துகளின் கூர்மை மழுங்கியிருக்கும்.

கணிப்பொறியில் இருக்கிற ரிவெர்ப் திருகுகள் எல்லாம் இந்த மூன்றையும்தான் திருகுகின்றன. ப்ரீ-டிலே என்பது நேர்ச் சத்தத்துக்கும் முதல் எதிர்ச் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை மில்லிசெகண்ட் இடைவெளி என்பது. டிகே என்பது இழுவை எத்தனை வினாடியில் அடங்கணும் என்பது. வெட், டிரை என்பது நனைஞ்சது எவ்வளவு, காய்ஞ்சது எவ்வளவு என்பது. ப்ரீ-டிலேயைச் சுழியத்தில் வைத்து, வெட்டைக் கூட்டி, மேல்ஸ்தாயியை வெட்டிவிட்டால் போதும். வாய்க்கு நாலு விரற்கடையில் மைக் வைத்துப் பாடியவரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கேரளத்தில் இன்ன சாதிக்காரன் இத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று அடிக்கணக்கு வைத்திருந்தார்கள். மில்லிசெகண்டுக்கு ஓர் அடி என்றதும் எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. வந்தால் என் தப்பில்லை.

இந்த இழுவையை முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபின். 1895இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேசுகிறவர் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை, சரிபண்ணுங்கள் என்று இவரிடம் விட்டார்கள். சொன்ன ஒரு வார்த்தை அடங்க அந்த அறையில் 5 வினாடிக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த பத்து வார்த்தை வந்து விழுந்துவிடும். சபின் இராத்திரிகளில் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, சத்தம் எப்போது காதுக்கு இல்லாமல் போகிறது என்று கணக்கெடுத்தார். மெத்தை கூடக்கூட இழுவை குறைந்தது. மனுச உடம்பும் மெத்தை மாதிரியே சத்தத்தைக் குடிக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார். இந்தக் கணக்கை வைத்துத்தான் 1900இல் பாஸ்டன் சிம்பொனி அரங்கம் திறந்தார்கள். ஆள் நிறைந்த அரங்கில் சுமார் 2 வினாடி இழுவை. நம் கணிப்பொறியில் ‘ஹால்’ என்று பெயர் போட்டு முதலாவதாக வந்து நிற்பது பெரும்பாலும் இந்த வகைதான். சீட்டு வாங்கி, இருமலை அடக்கி, அசையாமல் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காகக் கட்டிய இடத்தின் நகல்.

பறை அங்கே பிறக்கவில்லை. சேரித் தெருவில், சாவு வீட்டு வாசலில், களத்துமேட்டில் அடித்த கருவி அது. மேலே கூரை கிடையாது. எதிர்த்த வீட்டு மண்சுவரில் பட்டுச் சட்டென்று ஒரு தெறிப்பு, அவ்வளவுதான். மிச்சம் ஆகாயத்துக்குப் போய்விடும். கேட்கிறவனும் எதிரில் உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றி நிற்கிறான், ஆடுகிறான். அடிக்குச்சி தோலில் விழுவதை நெஞ்சுக்கூட்டில் வாங்குகிறான். சிண்டுக்குச்சியின் மூங்கில் சிம்பு போடுகிற பொடி அடிகள் காதோரம் தைக்கின்றன. இந்த நெருக்கம்தான் பறையின் அழகியல். தள்ளி நின்று ரசிக்கிற கலையாக இது எப்போதும் இருந்ததில்லை.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். சில வருசத்துக்கு முன்னால் எங்கள் பகுதித் தோழர்கள் காசு சேர்த்து, நகரத்தில் பேர்போன ஒரு பதிவுக்கூடத்துக்கு நாலு பறையாட்டக் கலைஞர்களைக் கூட்டிப்போனோம். உள்ளே குளிர்சாதனம். ஈரக் காற்றில் தோல் தொய்ந்தது. பறையைக் காய்ச்சணும், வைக்கோல் கொளுத்த வாசலில் இடம் கொடுங்கள் என்றோம். முடியாது என்றார்கள். நியாயம், அவங்க இடம். பத்தடி தள்ளி ஒரே ஒரு மைக்கை நிறுத்தினார் அங்கிருந்த பொறியாளர். ‘ரொம்ப இரைச்சல் சார் இது, பக்கத்துல வைக்க முடியாது’ என்றார். காய்ச்சாத பறை பத்தடி தூரத்திலிருந்து மந்தமாகத்தானே கேட்கும்? ‘சவுண்டு டல்லா இருக்கு’ என்று சொல்லி, 3 வினாடி ஹால் ரிவெர்ப்பை ஊற்றினார். மேல்ஸ்தாயியை வெட்டினார். ‘இப்பத்தான் ஸ்வீட்டா இருக்கு’ என்றார். போட்டுக் கேட்டோம். பக்கத்து ஊரில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. அடித்தவர்களில் மூத்தவர் கேட்டார்: ‘இதுல நாங்க எங்கப்பா இருக்கோம்?’

அந்தக் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். அன்றைக்கு அடித்த அடி நிமிசத்துக்கு 150 தாளம் என்று வையுங்கள். ஒரு தாளத்துக்கு 400 மில்லிசெகண்ட். ஒரு தாளத்துக்குள் நாலு பொடி அடி என்றால் ஓர் அடிக்கு 100. மூன்று வினாடி இழுவை போட்டால், ஓர் அடி முழுசாக அடங்குவதற்குள் அதன் தலைமேல் 30 அடி வந்து விழுந்துவிடுகிறது. சிண்டுக்குச்சியின் சொல் ஒன்றுகூட மிஞ்சாது. அடிக்குச்சியின் கீழ்ச்சத்தம் எல்லாம் சேர்ந்து ஒரு முனகலாகத் தேங்கும். பறையைப் ‘பின்னணி’ ஆக்குவது என்றால் இதுதான், வேறு சூழ்ச்சி எதுவும் தேவையில்லை. அந்தப் பொறியாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ‘சங்கீதம்’ என்றால் முன்னால் குரல், அதற்கடுத்து நரம்புக் கருவி, தோல் கருவி கடைசியில், அதிலும் இந்தத் தோல் ஆகக் கடைசியில் என்கிற வரிசை அவர் காதுக்குள்ளேயே போட்டுக் கிடக்கிறது. வருணமுறை ஏட்டில் மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒருநாள் மிக்சிங்கில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் அவர்மேல் கோபப்பட்டுவிட்டு நம்மைத் தப்பவிட முடியாது. எக்கோ கேட்கிறது நம்ம ஆள்தானே? ஏன் கேட்கிறான்? பக்திப் பாட்டு ஒலிநாடாக்களைக் கேளுங்கள். குரலுக்கு ஒரு கல்மண்டபத்தையே கட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த இழுவை காதில் விழுந்தாலே கை தானாகக் கூப்புகிற மாதிரி பழக்கிவிட்டார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்ததே 1939இல். அதுவரை அந்த மண்டபத்துக்குள் ஒரு குரல் எப்படி முழங்கும் என்று உள்ளே நின்று கேட்க நமக்கு வழியில்லை. வெளியே நின்றவனுக்கு அந்த முழக்கம் பெரிசு, புனிதம், கவுரவம். இப்போது கையில் ஒரு திருகு கிடைத்ததும் அந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தன் பாட்டை உள்ளே குடிவைக்கிறான். சீனிவாஸ் என்கிற சமூகவியலாளர் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்று எழுதினாரே, அதில் பூணூலும் சைவச் சாப்பாடும்தான் வரும். எக்கோவையும் சேர்த்திருக்க வேண்டும்.

ஒப்பாரிக்குச் செய்கிற கொடுமை இன்னும் மோசம். ஒப்பாரி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டு, தலையோடு தலை முட்டிப் பாடுவது. மூக்கை உறிஞ்சுவது, மூச்சு உடைவது, நடுவில் ‘எங்கம்மா’ என்று விழுகிற பேச்சு எல்லாமே பாட்டுக்குள் அடக்கம். ‘சோகம் வரணும்’ என்று அதன்மேல் 4 வினாடி இழுவையைப் போர்த்துகிறார்கள். மூச்சு செத்துப்போகிறது. சினிமாச் சோகம் வருகிறது. அழுகிற பெண் போய்விடுகிறாள்.

இதைச் சொன்னதும் சில தோழர்கள் அடுத்த கோடிக்குத் தாவுகிறார்கள். ‘அப்ப ரிவெர்ப்பே பார்ப்பனியம். வேண்டாம். காய்ஞ்சதே உண்மை’ என்கிறார்கள். இது வெறும் கோசம். பறைக்கு நாலு அங்குலத்தில் காதை வைத்து எவனும் கேட்டதில்லை. ஒட்டவைத்த மைக்கின் காய்ந்த சத்தம் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத சத்தம். இடமே இல்லாமல் ஒரு சத்தம் கிடையாது. இடத்தைப் பிடுங்கிவிட்டு விடுதலை என்று பேர் வைப்பதை நான் ஏற்கவில்லை. கேள்வி, எந்த இடம், யார் தீர்மானிப்பது என்பதுதான்.

இதைக் கறுப்பின மக்கள் நமக்கு முந்தியே செய்து பார்த்துவிட்டார்கள். டெட்ராய்ட் நகரில் 1959இல் பெரி கோர்டி என்கிற கறுப்பர் ஒரு சாதாரண வீட்டை வாங்கி மோட்டவுன் பதிவுக்கூடமாக்கினார். அந்த வீட்டுப் பரண்தான் அவர்களுடைய எதிரொலி அறை. ஜமைக்காவில் இன்னும் விசேசம். கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதி வாட்டர்ஹவுஸ். அங்கே ஆஸ்போர்ன் ருடக் என்று ஒரு மின்கருவி பழுதுபார்ப்பவர். கிங் டப்பி என்றால்தான் தெரியும். 1970களின் தொடக்கத்தில் தன் வீட்டிலேயே, வேறு கூடத்திலிருந்து வாங்கிய நாலு தடச் சாதனத்தை வைத்து மிக்சிங் செய்தார். சுருள் கம்பிக்குள் சத்தத்தை ஓடவிட்டு இழுவை உண்டாக்குகிற மலிவான ஸ்பிரிங் ரிவெர்ப்தான் அவரிடம் இருந்தது. அதைப் பாட்டு முழுக்கப் போர்த்தவில்லை அவர். குரலை வெட்டி எடுத்துவிடுவார். டிரம்ஸும் பேஸும் காய்ந்துபோய் மூஞ்சிக்கு நேராக நடக்கும. திடீரென்று குரலின் ஒரே ஒரு சொல், அதை மட்டும் ரிவெர்ப்புக்குள் தள்ளுவார், உடனே கதவைச் சாத்துவார். அந்தச் சொல் மட்டும் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பெட்டியைக் கையால் தட்டி இடி முழக்கம் வரவைத்ததும் உண்டு. டப் என்கிற இசையே இப்படி ஒரு வீட்டு அறையில் உருவானதுதான். 1976இல் அகஸ்டஸ் பாப்லோவோடு சேர்ந்து வந்த ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ தட்டைக் கேளுங்கள். 1989இல் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார் அந்த மனுசர். நான் அவரிடம் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ரிவெர்ப்பைக் கூரையாக வேயாதே, அடியாக அடி.

நாங்கள் தாசில்தார் அலுவலகத்தைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டோம். மக்கள் குரலும் பறையும் கிட்டத்தட்டக் காய்ந்தபடி முன்னால் நிற்கும். ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்று அதிகாரி சொல்கிற அந்த வரிக்கு மட்டும் 6 வினாடி தேவாலய இழுவை. கூட்டத்தில் போட்டபோது அந்த இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தூரத்தில் நிறுத்துவது என்றால் யாரை நிறுத்தணும் என்று அதற்கப்புறம் யாருக்கும் நான் விளக்கவில்லை.

வீட்டில் செய்கிற தோழர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நம்ம வீடு பத்துக்குப் பத்து சிமெண்டு அறை. கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று ஒரு தகர நடுக்கம் வரும். எதிரெதிர்ச் சுவருக்குள் சத்தம் பந்தாடுகிறது. இது ஒருமுறை பதிவில் ஏறிவிட்டால் எந்த ரிவெர்ப்பாலும் கழுவ முடியாது. மேலே ஹாலை ஊற்றினால், மண்டபத்துக்குள் ஒரு குளியலறை, குளியலறைக்குள் பாடகர் என்று ஆகும். சபின் செய்ததைச் செய்யுங்கள். பழைய மெத்தையைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள், கொடியில் கம்பளி, சேலை தொங்கவிடுங்கள், நாலு பேரைப் பேசாமல் உட்காரவையுங்கள். குரலுக்கு இது போதும். பறைக்குப் போதாது; அதன் கீழ்ச்சத்தத்தைச் சேலை தடுக்காது. பறையை வெளியே கொண்டுபோங்கள். வைக்கோலில் நன்றாகக் காய்ச்சுங்கள். இரண்டு மூன்றடியில் ஒரு மைக், இருபது அடி தள்ளித் தெருவைப் பார்த்து இன்னொன்று. அந்த இரண்டாவது மைக்தான் உங்கள் ரிவெர்ப். அதைத் தனித் தடத்தில் வைத்துக்கொண்டு வேண்டிய அளவு ஏற்றுங்கள், இறக்குங்கள்.

கணிப்பொறி ரிவெர்ப்பை ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியாக மாட்டாதீர்கள். ஒரே ஒரு ரிவெர்ப் தடம் வைத்து, எல்லாவற்றையும் வேண்டிய அளவு அதற்குள் அனுப்புங்கள். எல்லாரும் ஒரே தெருவில் நிற்பது அப்போதுதான் கேட்கும். அந்தத் தடத்தில் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், சேறு போகும். பறைக்கு இழுவை அரை வினாடிக்குள் இருக்கட்டும். அடுத்த தாளம் வருவதற்குள் அடங்கணும், மேலே போட்ட 400 மில்லிசெகண்ட் கணக்குதான். குரலுக்கு ஒரு வினாடி தாண்ட வேண்டாம். ப்ரீ-டிலே 20லிருந்து 40க்குள் வையுங்கள், சொல் முதலில் வந்து சேரும், இடம் பிறகு வரும். ஒப்பாரிக்கு இன்னும் சின்ன அறை. அளவு, உப்பு மாதிரி. கேட்கிற வரை ஏற்றி, கேட்டதும் ஒரு சிட்டிகை குறையுங்கள். இருப்பது தெரியக்கூடாது, நிறுத்தினால் தெரியணும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நம் பாட்டு காதுமாட்டியில் மட்டுமா கேட்கப்போகிறது? ஏப்ரல் 14 அன்று தெருமுனையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் போடுவார்கள். தெருவின் இந்தக் கோடியில் ஒன்று, நூறு மீட்டர் தள்ளி அந்தக் கோடியில் ஒன்று. இந்தக் குழாய்க்குக் கீழே நிற்கிறவனுக்கு அந்தக் குழாயின் சத்தம் 300 மில்லிசெகண்ட் கழித்து வருகிறது. தெருவே ஒரு பெரிய எக்கோ. அதன்மேல் நீங்கள் போட்ட எக்கோவும் சேர்ந்தால் அம்பேத்கர் பேரைத் தவிர ஒரு சொல்லும் விளங்காது. கோரிக்கை என்ன, கூலி எவ்வளவு, நிலம் எங்கே என்பதெல்லாம் காற்றில் போகும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு மிக்ஸ் போடுங்கள். கைபேசிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. தெருவுக்கானதில் ரிவெர்ப்பைக் கிட்டத்தட்டத் துடைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஓர் இடத்தின் எதிரொலியை அப்படியே பிடித்துவந்து எந்தச் சத்தத்தின் மேலும் ஏற்றுகிற முறை ஒன்று இருக்கிறது, கன்வல்யூஷன் என்று பேர். 1999இல் சோனி கருவியாக விற்றபோது அது பணக்காரப் பதிவுக்கூடங்களுக்கு மட்டுமே எட்டியது. இன்றைக்கு ரீப்பர் போன்ற மலிவான மென்பொருளிலேயே கூடவே வருகிறது. இதற்காகப் பிடித்துவைத்த இடங்களின் பட்டியல்களைப் பார்த்தேன். தேவாலயம், அரங்கம், குகை, அரண்மனைக் கூடம் எல்லாம் இருந்தன. நான் பார்த்தவற்றில் சேரித் தெரு ஒன்றுகூட இல்லை. பிடிப்பது லேசு. ஒரு பலூனை நன்றாக ஊதி, தெரு நடுவில் தலைக்குமேல் பிடித்து ஊசியால் குத்துங்கள். பதினைந்து இருபதடி தள்ளி மைக் வைத்து அந்த வெடிச்சத்தத்தையும் அது அடங்குகிற வரையும் பதிந்து அனுப்புங்கள். இதுவரை என்னிடம் ஏழு தெரு சேர்ந்திருக்கிறது. ஓட்டு வீட்டுத் தெரு ஒரு மாதிரி, தொகுப்பு வீட்டுத் தெரு வேறு மாதிரி. சுடுகாட்டுக் கொட்டகை ஒன்றும் வந்திருக்கிறது, கானாக் குரலுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன், பிரமாதம். விடியற்காலையில் காற்றடிக்காத நேரமாகப் பார்த்துக் குத்துங்கள். நாய் குரைத்தால் அதுவும் ஏறிவிடும், இன்னொரு பலூன் கையில் இருக்கட்டும்.